தடியங்காயும் தாய்மாமன் மடியும்

இப்போதெல்லாம் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிக்க யாருக்கும் கால் வருவதில்லை. விசேஷம் என்றால் அச்சடிக்கிறார்கள், மூலையில் மஞ்சள் தடவுகிறார்கள், தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விடுகிறார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, "நீங்க முன்ன நின்னு நடத்தித் தரணும்" என்று வாய் திறந்து கூப்பிட வேண்டியவர்களையும் தபால்காரர்தான் கூப்பிடுகிறார். அவரும் கூப்பிடுவதில்லை. சன்னல் வழியாக எறிந்துவிட்டு சைக்கிளை மிதிக்கிறார்.

மற்றவர்களை விடுங்கள். தாய்மாமனுக்குத் தபாலில் அழைப்பு வந்த கதையை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் மகள் சங்கரிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. பெயர் அனுராதா. அவளுக்கு முடியெடுத்துக் காது குத்துகிற அழைப்பு. பாபநாசம் கோயிலில், வெள்ளிக்கிழமை காலை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அப்படியும் மூன்று தடவை படித்தேன். 'தாய்மாமன் மடியில் வைத்து' என்று போட்டிருந்தது. எந்தத் தாய்மாமன் என்று பெயர் போடவில்லை. சங்கரிக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான். அவன் பெயரைப் போடுவதற்குள் அச்சகத்தில் எழுத்தா தீர்ந்துபோயிற்று?

அந்த ஒருத்தன் என் மகன் குமரகுருபரன்.

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளியான எனக்குப் பிறந்து, ஆற்றங்கரைத் தோட்டங்களில் வாழையை உதைத்து உதைத்துச் சாய்த்து ஊரெல்லாம் ஏச்சு வாங்கி, இருபது வயதில் பினாங்குக்குக் கடை வேலைக்கென்று போனவன் அவன். போன இடத்தில் கடையை விட்டுவிட்டு கிக் பாக்ஸிங் என்று ஒன்றில் இறங்கிவிட்டான். கையாலும் குத்தலாம், காலாலும் உதைக்கலாம். அதற்கு ஒரு மேடை, ஒரு மணி, மூன்று நடுவர். எடை தொண்ணூற்றெட்டு கிலோ. ஹெவிவெயிட் என்பார்களாம். பினாங்கு, ஹாட்யாய், பாங்காக், ஒசாகா என்று பதினாறு வருஷம். நாற்பத்தொரு சண்டை, இருபத்தொன்பது வெற்றி. எண்ணிக்கை அவன் சொன்னது. நான் போய் எண்ணவில்லை.

கடைசிச் சண்டையில் ஜெயித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தவனுக்கு, மடியில் சும்மா வைத்த விரல்கள் உதறுவது நிற்கவில்லை. அதோடு போதும் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் அம்மா இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தலையில் வாங்கிய அடிகளால் வந்த நடுக்கம் என்றார். கைக்கு வேலை இருந்தால் நடுங்காது, சும்மா இருந்தால் நடுங்கும் என்றார். வெளியே வந்ததும் என் மகன் சொன்னது ஒன்றுதான்.

"சங்கரிகிட்டச் சொல்லாதீங்கப்பா. காதுகுத்து முடியட்டும். பாப்பாவை ஒரு தடவை மடியில வச்சுக்கிடுதேன்."

அந்த இடத்தில்தான் போன வாரம் விட்டேன்.

ஊருக்கு வந்த நாளிலிருந்து தெருவில் அவனுக்கு நல்ல பெயர். கையைச் சும்மா விடமாட்டான் இல்லையா? பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டு நிற்கும்போதே அவர்கள் முருங்கைக்கீரையை வாங்கி உருவிக் கொடுத்துவிடுவான். எதிர்வீட்டு சைக்கிளைத் துடைப்பான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்று பெண்கள் மூக்கில் விரல் வைக்கிறார்கள். எதற்கு உருவுகிறான் என்று எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் குளித்துவிட்டு உள்ளே வருகிறேன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் துண்டு. துண்டுக்குள் என்னவோ உருண்டையாக.

"என்னலே அது?"

"தடியங்காய்."

"அது தெரியுது. பூசணி வகையறாவுக்கெல்லாம் துண்டு கட்டி எதுக்கு மடியில வச்சிருக்க?"

"ஒம்பது கிலோ இருக்குப்பா. பாப்பாவும் அவ்வளவுதான்னு சங்கரி சொன்னா."

இடது கையால் தடியங்காயின் காம்புப் பக்கத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். வலது கை அதன் முதுகில் பைய தட்டிக்கொண்டே இருந்தது.

"இந்தக் கை அமுத்திப் பிடிச்சிருந்தா நடுங்கல. இந்தக் கை தட்டிக்கிட்டே இருந்தா நடுங்கல. நாலு நாளாப் பாத்துட்டேன்."

"தடியங்காய் திமிறாதுலே. அழாது. கையைக் காலை உதறாது."

"வேணும்னா நீங்க கொஞ்சம் அழுது காட்டுங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அலமாரியிலிருந்து பென்சிலை எடுத்தேன். காது எங்கே இருக்கும் என்று பார்த்து ஒரு குத்துக் குத்தினேன். தடியங்காய் அசையவில்லை. அவனும் அசையவில்லை.

"சரி, ஒரு காது ஆச்சு. மத்தக் காது?"

மறுபக்கம் திருப்பினான். திருப்பும்போது பிடித்த கை விட வேண்டும், தட்டின கை பிடிக்க வேண்டும். நடுவில் கண் மூடித் திறக்கிற நேரம் கைக்கு வேலை இல்லை. அந்த நேரம் போதுமாக இருந்தது அதற்கு. விரல்கள் உதற ஆரம்பித்தன. தடியங்காய் துண்டோடு வழுக்கித் தரையில் விழுந்து வாயைப் பிளந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் பிளந்த காயைப் பொறுக்கி அரிவாள்மணையில் வைத்து நறுக்க ஆரம்பித்தான். கை நடுங்கவே இல்லை. ஒரே அளவாக விழுந்தது ஒவ்வொன்றும்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?

டாக்டரைப் பார்த்த மறுநாளே நான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் என் சம்பந்தி அம்மாளைக் கூப்பிட்டேன். பிரம்மநாயகி. சங்கரியின் மாமியார். எனக்கு இரண்டு பயம். ஊசிக்குப் பக்கத்தில் நடுங்குகிற கை, பதினோரு வருஷம் கழித்து வந்த பிள்ளை. அது ஒன்று. ஒசாகா வரை போய் நின்ற என் மகன் நாலு உறவுக்காரர்கள் முன்னால் கை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அது இன்னொன்று. எது பெரிய பயம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"மதினி, மடிக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுங்க. என் தம்பி மகன் அம்மையப்பன் இருக்காம்லா, அவனுக்கும் தாய்மாமன் முறைதானே" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி, உங்க மகனுக்கு என்ன வந்துச்சு?"

என்ன சொல்வது? வியாதியைச் சொல்லமாட்டேன் என்று அவனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முன்னால் அந்த மீட்டர் டப்பாவில் காசுக் கணக்கு சிவப்பு எண்களாக ஓடுகிறது. அதைப் பார்த்தாலே எனக்கு நாக்கு குழறும். எங்கள் சைவக் குடும்பங்களில் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க விடாத பதில் ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டேன்.

"அவன் அங்கன கறி மீனெல்லாம் தின்னவன், மதினி. கோயில் காரியம். வேண்டாம்."

அந்தப் பக்கத்திலிருந்து "சிவ சிவா" என்று ஒரு சத்தம். ஃபோனை வைத்துவிட்டேன்.

முழுப் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பதினாறு வருஷமும் சைவம்தான் சாப்பிட்டேன் என்று அவன் சொல்வான். நான் கேட்டுக்கொள்வேன். நம்பியதில்லை. அந்தக் கழுத்தையும் தோளையும் பார்த்தவர் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆக, தாம்பூலம் வைத்துக் கூப்பிட யாரும் வராததற்கும் பெயர் போடாததற்கும் காரணம் நான்தான். இருந்தாலும் தபாலில் அனுப்பியது தப்புதான்.

அழைப்பிதழை அவன் பார்த்தபோது என்ன சொன்னான் தெரியுமா? "பேரு எதுக்குப்பா? தாய்மாமன்னு போட்டிருக்காங்கள்லா. நாந்தானே."

பாபநாசத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். சீர்த் தட்டை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பட்டுப் பாவாடை, கம்மல், பழம், வெல்லம். கண்டக்டர் அவனைப் பார்த்ததும், "அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. வண்டி இந்தப் பக்கம் சாயுது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். வழியில் எங்கேயாவது சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மில் கேட் போயிற்று, கோயில் கோபுரமும் தெரிந்துவிட்டது. வாய் வரவில்லை.

படித்துறைக்குப் பக்கத்து மண்டபத்தில் பாளையங்கோட்டையிலிருந்து சம்பந்தி வீட்டு ஆட்கள் முன்னமே வந்து இறங்கியிருந்தார்கள். பிள்ளைக்கு மொட்டை போட்டு, குளிப்பாட்டி, சந்தனம் தடவியாகிவிட்டது. வீடியோக்காரன் ஒருவன் விளக்கைத் தூக்கிக்கொண்டு, "அந்தச் சந்தனத்தை இன்னொரு தடவை தடவுங்க" என்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தான். சாமிக்குப் பயப்படாதவர்கள்கூட அவனுக்குப் பயப்பட்டார்கள்.

சங்கரி ஓடி வந்தாள்.

"எவ்வளவு நேரம் அண்ணே! இவ அழுத அழுகைக்கு மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிட்டு."

"தட்டை வாங்கு மொதல்ல" என்றான். தட்டைக் கொடுத்த கையோடு குனிந்து வேட்டியைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டான். சங்கரி இடுப்பில் இருந்த பிள்ளை அவனையே பார்த்தது. இரண்டு தடவை உடைந்து சப்பையான மூக்கு அவனுக்கு. அதை எட்டிப் பிடித்து இழுத்தது. அவன் தலையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

"பாங்காக்குல ஒருத்தனும் இப்படிப் பிடிக்கல" என்றான்.

மாப்பிள்ளை சிவசைலம் எனக்கு வணக்கம் சொன்னார். கண்ணைப் பார்க்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. ஒல்லியான மனிதர். எப்போதும் கோப்புக்குப் பின்னால் நிற்பது போலவே நிற்பார்.

ஆசாரி வந்து தீபத்தில் தங்கக் கம்பியைக் காட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். மணை போட்டாயிற்று. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று என் மகனுக்குத் தோன்றவும் இல்லை. போய் உட்கார்ந்துவிட்டான். வலது முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது. மடியில் புதுத் துண்டை விரித்தான். கைகளைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"எந்திரிப்பா" என்றார் பிரம்மநாயகி மதினி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன அத்தை?"

"எந்திரி. அம்மையப்பா, நீ வந்து உக்காரு."

என் தம்பி மகன் அம்மையப்பன் மதுரையில் பேங்க் ஆபீசர். பட்டு வேட்டியும் சட்டையுமாகத் தூணோரம் நின்றிருந்தான். அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஓரடி முன்னால் வந்து இரண்டடி பின்னால் போனான்.

"அத்தை, அண்ணன் இருக்காம்லா, பொறவு எதுக்கு அம்மையப்பன்?" என்றாள் சங்கரி.

"சபையில வச்சுக் கேக்காத. வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன்."

"இப்பச் சொல்லுங்க."

"சொல்ல வேண்டாம்னு பாத்தேன். கறி மீன் தின்ன மடி. அதுல எங்க வீட்டுப் பிள்ளையை வைக்க மாட்டோம்."

"யாரு சொன்னா?"

"உங்க அப்பாதான் சொன்னாரு. ஃபோன் போட்டுச் சொன்னாரு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வீடியோக்காரனும் விளக்கை என் முகத்தில் அடித்தான்.

"ஏலே, அதை அணை!" என்று கத்தினேன். அணைத்தான்.

என் மகன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடுகிறவன் பார்வை அது.

"நீங்களா சொன்னீய?"

"ஆமா."

"நான் தின்னேன்னு?"

"ஆமாலே. சொன்னேன்."

தலையைக் குனிந்துகொண்டான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போயிருந்தால் என் வாக்கும் பிழைத்திருக்கும், அவன் மானமும் பிழைத்திருக்கும். பிள்ளைக்கும் பாதகமில்லை. நான் அந்த ஃபோனைப் போட்டதே அதற்குத்தானே?

அவன் எழுந்திருக்கவில்லை. துண்டுக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்தான். எல்லாரும் பார்க்க நீட்டி, சும்மா வைத்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், திருநீற்றை நசுக்குவது போல, ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தன. அப்புறம் கை முழுதும்.

"இதுக்குப் பயந்துதான் எங்க அப்பா அப்படிச் சொல்லியிருக்காரு, அத்தை. ஊருக்கு வந்ததுல இருந்தே இருக்கு. தலையில வாங்கின அடின்னு டாக்டர் சொல்லிட்டாரு. கை நடுங்குது, அது நெசம். கறி தின்னேங்கது நெசம் இல்ல. இந்த ரெண்டுல எதுக்காக எந்திரிக்கணும்னு சொல்லுங்க. எந்திரிக்கேன்."

படித்துறையில் யாரோ பொரி போட்டிருப்பார்கள் போல. மீன்கள் புரளுகிற சத்தம் மண்டபம் வரை கேட்டது.

சங்கரிதான் முதலில் வாயைத் திறந்தாள். அழவில்லை. ஏசினாள்.

"வந்ததுல இருந்தா? அப்ப தீபாவளிக்கு வந்து ஒரு கூடை சீனியவரைக்காயை நார் எடுத்துக் குடுத்தியே, அது இதுக்கா? நான் தெருவெல்லாம் பெருமை பேசினேனே, பாவி!"

"நார் நல்லாத்தானே எடுத்தேன்?"

பிரம்மநாயகி மதினி அவளைக் கையமர்த்தினார். மணைக்கு எதிரே வந்து நின்றார்.

"கையை விடு. நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. கறி தின்னியா, இல்லியா?"

"இல்ல."

"முட்டை?"

"இல்ல அத்தை."

"கோயில் வாசல்ல உக்காந்து சொல்லுத."

"அதனாலதான் சொல்லுதேன்."

மதினி அவனை உச்சி முதல் மடி வரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப உக்காரு. கை நடுங்குனா என்ன? ஆசாரி கை நடுங்காம இருந்தாப் போதும்."

"நான் கம்பி பிடிச்ச நாள்ல இருந்து நடுங்குனதில்ல தாயி" என்றார் ஆசாரி, கொஞ்சம் ரோஷமாக.

பாருங்கள். நான் எதை மறைக்க இத்தனை பாடுபட்டேனோ அது அந்த அம்மாளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் சொன்ன பொய் ஒன்றுதான் வழியில் கிடந்தது. வேறு தடையே இல்லை. நான் தூணோடு தூணாக நின்றேன்.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். அதன் தலையை, வலது பக்கம் தன் நெஞ்சில் படும்படி, இடது கையால் சேர்த்து அமுக்கிக்கொண்டான். வலது கை முதுகில் தட்ட ஆரம்பித்தது. தடியங்காய்க்குத் தட்டின அதே தாளம். பிள்ளை கம்மலைப் பிடிக்கக் கையை நீட்டிய நேரம் பார்த்து ஆசாரி இடது காதைக் குத்திவிட்டார். பிள்ளைக்கு விஷயம் புரியவே ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. புரிந்ததும் எழுப்பிய சத்தத்தில் மண்டபத்துக் குரங்குகள் மேல் வரிசைக்குப் போய்விட்டன.

"மத்தக் காது. பிள்ளையைத் திருப்புங்க தம்பி."

காலையில் தரையில் பிளந்து கிடந்தது கண்முன்னால் வந்தது.

பிடித்த கையை விட்டான். தட்டின கை நின்றது. பிள்ளை வேறு காலை உதைத்துக்கொண்டு வில்லாக வளைந்தது. விரல்கள் உதறத் தொடங்கின. தலையைப் பிடிக்கப் போன கை பிடிக்க முடியாமல் சந்தனத்தில் வழுக்கியது. ஆசாரி கம்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அம்மையப்பா!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அம்மையப்பன் வருவதற்குள் மாப்பிள்ளை சிவசைலம் மணைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து வணக்கத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசாத மனிதர். என் மகனுடைய மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு கைக்குள் அடங்குகிற மணிக்கட்டா அது? பிடித்துப் பிள்ளையின் தலையில் கொண்டுபோய் வைத்து, மேலே தன் கையை அழுத்தினார்.

"நான் பிடிச்சிருக்கேன், மச்சான். நீங்க தட்டுங்க."

மற்றக் கை தட்ட ஆரம்பித்தது. ஆசாரி குனிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வந்ததும் திறந்தேன். இரண்டு காதிலும் தங்கம். பிள்ளை வாயில் வெல்லம். வாய் நிறைய வெல்லத்தோடு அழ முடியாமல் அது திண்டாடிக்கொண்டிருந்தது. என் மகன் முகமெல்லாம் அதன் எச்சிலும் சந்தனமும். சிவசைலம் இன்னும் அந்த மணிக்கட்டை விடவில்லை. விட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

வீடியோக்காரன் விளக்கைப் போட மறந்து நின்றுகொண்டிருந்தான். பிறகு, "அண்ணாச்சி, இன்னொரு தடவை அப்படியே..." என்று ஆரம்பித்தான். பிரம்மநாயகி மதினி திரும்பிப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அம்மையப்பன்தான் சாம்பார் வாளியோடு வந்து, "பெரியப்பா, இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் மேல் எனக்கு என்ன கோபம்?

வேன் கிளம்பும் நேரம் சங்கரி அண்ணனிடம் வந்தாள்.

"நாளைக்கு உன் துணிமணியை எடுத்துக்கிட்டுப் பாளையங்கோட்டை வந்துரு. திங்கக்கிழமை இவுக லீவு போட்டு உன்னை மெட்ராஸ் பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவாக. பொறவு எங்க வீட்டுலதான் இருக்க. சும்மா இருக்க விடமாட்டேன், கவலைப்படாத. கைக்கு வேலை தாரேன்."

அவன் பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

சங்கரி எல்லாரிடமும் போயிட்டு வாரேன் சொன்னாள். ஆசாரியிடம் சொன்னாள், பூக்கடைப் பெண்ணிடம்கூடச் சொன்னாள். என் முன்னால் வந்தாள். மாராப்பைச் சரிசெய்தாள். வேனில் ஏறிவிட்டாள்.

நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். ஆற்றுப் பாலத்திலிருந்து காற்று நன்றாக வந்தது. காலித் தட்டை அவன் கையிலேயே சுழற்றிக்கொண்டிருந்தான்.

"நடுக்கத்தைச் சொல்லியிருந்தாக்கூட எனக்கு வருத்தம் இல்லப்பா" என்றான். "இதைப் போய்ச் சொன்னீயளே."

"கேட்டா ஒரு காரணம் சொல்லணும்லா?"

"வேற காரணமே கெடைக்கலியா? தண்ணியடிப்பாம்னு சொல்லியிருக்கலாம். ஜெயிலுக்குப் போனாம்னு சொல்லியிருக்கலாம்."

"மீட்டர் ஓடுச்சுலே."

தட்டை நிறுத்தினான். மறுபடி சுழற்றினான்.

"சண்டைக்குச் சேந்த முதல் வாரமே அங்க எல்லாரும் சொன்னாங்க, கறி திங்காம மூணு மாசம்கூட மேடையில நிக்க முடியாதுன்னு. வீம்புக்கு இருந்தேன். ஒரு முதலாளி அதுக்காகவே என்னைத் தன் பயிற்சிக் கூடத்துல சேத்துக்கிடல. பொறவு பழகிப்போச்சு. பருப்பும் தயிரும் நெலக்கடலையும்தான். சாரம்மாள் அக்கான்னு ஒருத்தங்க, நாசரேத்துக்காரங்க, பினாங்குல மெஸ் வச்சிருக்காங்க. அவங்க வீட்டுல தினமும் மீன்தான். எனக்குன்னு தனிச் சட்டி, தனி அகப்பை வச்சிருந்தாங்க. பதினாறு வருஷம்."

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"நம்புதீயளா இல்லியா?"

"எப்படிலே நம்ப?"

"அக்கா எழுதின கடுதாசி பெட்டியில கெடக்கு. சட்டியைப் பத்திக்கூட எழுதியிருக்காங்க. வாசிச்சுக் காட்டட்டுமா?"

"கடுதாசியில எவனும் எதையும் எழுதுவான்."

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். உடைந்த மூக்கு இன்னும் சப்பையானது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. பஸ் வருவதற்குள் நடந்தே போய்விடலாம் என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

"அப்பா! சங்கரி வீட்டுக்குப் போகட்டுமா வேண்டாமா? அதையாவது சொல்லிட்டுப் போங்க!"

நான் திரும்பவில்லை. வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். தொண்ணூற்றெட்டு கிலோ. பருப்பும் தயிரும் நிலக்கடலையுமாம். யாரிடம் கதை விடுகிறான்?